பழைய கேம்பர் வேனுக்கு மாற்று இன்ஜின்: ஃபோக்ஸ்வாகன் டி25 வைத்திருப்போருக்குப் படிப்படியான வழிகாட்டி

பிரிட்டனில் டி25 என்றும், மற்ற ஐரோப்பிய நாடுகளில் டி3 என்றும், அமெரிக்காவில் வானகன் என்றும் அழைக்கப்படும் பின்பக்க இன்ஜின் வேனுக்கான வழிகாட்டி இது. வேன் பிரிட்டனில் பதிவாகியிருக்கிறது, இன்ஜின் ஓய்ந்துவிட்டது அல்லது ஓயப்போகிறது, அடுத்து எதைப் போடுவது என்று முதல்முறையாகத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்ஜினை முதலில் வாங்கிவிடுவது. பிறகு அது கியர்பாக்ஸோடு சேரவில்லை, சம்ப் (ஆயில் நிற்கும் அடித்தட்டு) தரையைத் தொடுகிறது, வயரிங் பாதிதான் வந்தது, ரசீதில் இன்ஜின் எண் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். இன்ஜினைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டியவை கீழே வரிசையாக இருக்கின்றன.

1. பழைய இன்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள்

1982 இறுதி முதல் வந்த பெட்ரோல் டி25களில் இருப்பது வாசர்பாக்சர் எனப்படும் நீர்குளிர் படுக்கை இன்ஜின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பது). இன்ஜின் குறியீடுகளில், 1.9 லிட்டரில் டிஜி (78 குதிரைத்திறன்) பரவலானது, 2.1 லிட்டரில் டிஜே (112), எம்வி (95). இவற்றின் பெரிய நோய் சிலிண்டர் ஹெட் கசிவு. ஹெட்டையும் தண்ணீர் ஜாக்கெட்டையும் பிரிக்கும் ரப்பர் கேஸ்கெட் உட்காரும் அலுமினிய விளிம்பு, தவறான கூலண்ட்டால் அரித்துக் குழியாகும். வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தால், ஹெட் சேரும் கோட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிந்த தடம் தெரியும். இது ஹெட் வேலை. கீழ்ப்பாதி நன்றாக இருந்தால் முழு இன்ஜினை மாற்றத் தேவையில்லை.

ஆயில் பஸ்ஸர் அலறினாலும் உடனே பதற வேண்டாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் சர்க்யூட் தாள் விரிசல் விட்டாலே பொய் எச்சரிக்கை வரும். ஆயில் பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டுங்கள். ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது 2,000 சுற்றில் 2 பார் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால்தான் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பல வாரம் நின்ற வேனை ஸ்டார்ட் செய்தால் ஹைட்ராலிக் டேப்பெட்கள் தடதடக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் அடங்கிவிடும். அதைக் கேட்டு இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்திருக்க வேண்டும். வாசர்பாக்சரில் 8 பார்தான் கடைசி எல்லை. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக்கூடாது. கூலண்ட் நிற்கும் ஹெட்டர் டேங்கில் குமிழி வந்தால், எரிந்த வாயு கலப்பைக் காட்டும் நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது.

இவ்வளவும் அரை நாள் வேலை. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

2. கியர்பாக்ஸைப் படியுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். டி25இல் எந்த இன்ஜின் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸ்தான்.

பெட்ரோல் வேனின் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) வேறு, டீசல் வேனுடையது வேறு. ஃபோக்ஸ்வாகனின் சொந்தப் படுக்கை இன்ஜின் பெட்ரோல் பெல்ஹவுசிங்கில் நேராகச் சேரும். ஃபோக்ஸ்வாகனின் நேர்வரிசை நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் (கோல்ஃப், பசாட் கார்களில் வந்தவை) டீசல் பெல்ஹவுசிங்கைத்தான் கேட்கும். அதோடு, டீசல் டி25இல் இன்ஜின் 50 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும். காரிலிருந்து எடுத்த இன்ஜின் அப்படிச் சாய்ந்தால் அதன் சம்ப்பும் ஆயில் பிக்கப்பும் (சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்) உதவாது. டீசல் டி25க்கே உரிய சம்ப், பிக்கப் குழாய், டிப்ஸ்டிக், இன்ஜின் தாங்கி இரும்புகள் எல்லாம் வேண்டும். இவை தனித்தனியாகக் கிடைப்பது வர வர அரிதாகிறது.

அடுத்தது சுற்று வேகம். கணக்கு எளிது. 185ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு 1,609 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 805 சுற்று. இதை டாப் கியர் விகிதத்தாலும் டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் பெருக்குங்கள். டாப் கியர் 0.85, டிஃபரன்ஷியல் 4.86 உள்ள நாலு கியர் பெட்டியில் 805 × 0.85 × 4.86 = ஏறக்குறைய 3,325 சுற்று. பெட்ரோல் இன்ஜினுக்கு இது இதமான வேகம். ஃபோக்ஸ்வாகனின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டர்போ டீசலான டிடிஐக்கு அப்படியில்லை. அதன் உச்சத் திறனே 4,000 சுற்றில் முடிந்துவிடும். 2,500 முதல் 2,800 வரைதான் அது நிம்மதியாக ஓடும். 3,300இல் நாள் முழுக்க மோட்டார்வேயில் போனால் காது வலிக்கும், டீசலும் மிச்சமாகாது. 2,700க்கு இறக்க வேண்டுமானால் கியர் விகிதத்தை மாற்ற வேண்டும். அதாவது பெட்டியைப் பிரித்து வேறு பற்சக்கரம் போட வேண்டும். இன்ஜின் விலையை விட அந்த வேலைக்கு அதிகம் ஆகும். டீசல் வேனின் சொந்தக் கியர்பாக்ஸ் பெட்ரோல் பெட்டியை விடவும் குட்டை விகிதம் (அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும்) என்பதால், டீசல் வேனில் டிடிஐ போடுபவருக்கும் இதே சிக்கல்தான்.

மூன்றாவது, முறுக்கு விசை. டிஜி இன்ஜின் தருவது 141 நியூட்டன் மீட்டர். 110 குதிரைத்திறன் டிடிஐ (ஏஎஃப்என்) தருவது 235. முப்பத்தைந்து வருடம் ஓடிய பெட்டிக்கு இது பெரிய சுமை. 'தாங்கும்' என்று சொல்பவரிடம் எத்தனை மைல் தாங்கியது என்று கேளுங்கள்.

பெட்டியின் அடிப்பக்கத்தில் எழுத்துக் குறியீடு பொறித்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விகிதங்களைக் கண்டுபிடிக்க அந்தக் குறியீடுதான் சாவி.

1982 வரை வந்த காற்றுக்குளிர் வேன் (1.6 சிடி, 2.0 சியூ) உங்களுடையதா? அதில் ரேடியேட்டரே இல்லை. நீர்குளிர் இன்ஜின் போட ரேடியேட்டர், முன்னால் வரை போகும் குழாய்கள், ஹீட்டர் என்று எல்லாமே புதிதாக வேண்டும். பழைய இன்ஜினையே ரீகண்டிஷன் செய்வதுதான் நியாயமான வழி.

3. எந்த இன்ஜின்?

வாசர்பாக்சரே மறுபடியும். வேலை மிகக் குறைவு. கழற்றி மாட்டினால் முடிந்தது. தேர்ந்த ஆளுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். டிஜி இருந்த இடத்தில் 2.1 போட்டாலும் பொருந்தும். டிஜியின் கார்புரேட்டரையே அதில் மாட்டலாம், தனி வயரிங் தேவையில்லை. ஆனால் பழைய 2.1 இன்ஜினில் கனெக்டிங் ராட் போல்ட்கள் நீண்டு அறுந்துபோகும் பழக்கம் உண்டு. அறுந்தால் ராட் கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரீகண்டிஷன் செய்பவரிடம் ராட் போல்ட் புதிதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெட் புதிதா, வெல்டிங் வைத்துச் சீவியதா என்பதையும் கேளுங்கள். 'ரீகண்டிஷன்ட்' என்ற ஒரே சொல்லை, உள்ளே திறந்து கேஸ்கெட் மட்டும் மாற்றியவரும் பயன்படுத்துகிறார், கிராங்க் அரைத்துப் புது பிஸ்டன் லைனர் போட்டவரும் பயன்படுத்துகிறார்.

சுபாரு ஈஜே22. 1989 முதல் லெகசி கார்களில் வந்த 2,212 சிசி படுக்கை இன்ஜின், சுமார் 136 குதிரைத்திறன். பெட்ரோல் டி25க்கு இயல்பாகப் பொருந்துவது இதுதான் என்பது எங்கள் கருத்து. அகலம் ஒத்துப்போகிறது, சுற்று வேகம் பழைய கியர்பாக்ஸோடு ஒத்துப்போகிறது. முறுக்கு விசை 190ஐ ஒட்டி இருப்பதால், பார்த்து ஓட்டினால் பெட்டி தாங்கும். தொடக்க கால ஈஜே22இல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. பெல்ட் வரலாறு தெரியாத பழைய இன்ஜினை வாங்குபவருக்கு இது பெரிய ஆறுதல்.

அதற்கு இவையெல்லாம் வேண்டும்: இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் அடாப்டர் பிளேட், அதற்கேற்ற பிளைவீல் ஏற்பாடு, தாங்கி இரும்பு, குட்டைச் சம்ப், குட்டையாக்கிய ஆயில் பிக்கப், கூலண்ட் குழாய்களைத் திருப்பும் மேனிஃபோல்ட், புது எக்ஸாஸ்ட், வெட்டிச் சுருக்கிய வயரிங் லூம். சுபாருவின் சொந்தச் சம்ப் மிக ஆழம். அதை அப்படியே விட்டு ஓட்டினால் முகாம் மைதானத்து வரப்பு ஒன்றிலேயே உடையும். சம்ப்பைச் சுருக்கி பிக்கப்பைச் சுருக்காமல் விட்டாலும் இன்ஜின் கெடும், ஏனென்றால் பிக்கப் வாய் சம்ப் தரையில் ஒட்டிக்கொண்டு ஆயில் ஏறாது. விற்பவரிடம் இரண்டும் ஜோடியாக வருகிறதா என்று கேளுங்கள்.

ஈஜே25 (2,457 சிசி) இன்னும் பலமானது. ஆனால் ஹெட் கேஸ்கெட் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்தது. போடுவதானால் மாட்டுவதற்கு முன்பே, இன்ஜின் மேசையில் இருக்கும்போதே, பல அடுக்கு எஃகு கேஸ்கெட் மாற்றிவிடுங்கள். வேனுக்குள் போன பிறகு அதே வேலைக்கு இன்ஜினை மறுபடி இறக்க நேரும்.

1.9 டர்போ டீசல் ஏஏஇசட். 1,896 சிசி, 75 குதிரைத்திறன், மூன்றாம் தலைமுறை கோல்ஃபிலும் பசாட்டிலும் வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் இயந்திரப் பம்ப். உங்கள் வேன் ஏற்கெனவே டீசல் என்றால் (1.6 டர்போ ஜேஎக்ஸ், 1.7 கேஒய்), யோசிக்கவே வேண்டாம், இதுதான். பழைய சம்ப், தாங்கி, பெல்ஹவுசிங் எல்லாம் அப்படியே ஏறும். ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மெல்லிய கோடுகள் பல ஹெட்டில் இருக்கும். ஆழமான பிளவென்றால் வேண்டாம்.

டிடிஐ. 90 குதிரைத்திறன் 1இசட், 110இல் ஏஎஃப்என். எரிபொருள் சிக்கனம் நல்லது, மலையேற்றம் அருமை. கியர் விகிதத்துக்கும் பணம் ஒதுக்கியவர்கள் மட்டும் இறங்குங்கள். கார் பூட்டின் இம்மொபிலைசர் கம்ப்யூட்டரோடு பிணைந்திருக்கும் மாடல்களில், சாவியும் கம்ப்யூட்டரும் ஒரே காரிலிருந்து வராவிட்டால் இன்ஜின் ஒரு நொடி ஓடி அணைந்துவிடும்.

4. எரிபொருளை மாற்றுமுன் ஊர் விதியைப் பாருங்கள்

புகைத் தரம் எட்டாத வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டனின் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுக்கப் பரவிவிட்டது. ஐரோப்பியப் புகைத் தரத்தில் பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட். டி25 எதுவும் இந்தத் தரத்தைத் தொடாது. புதிய இன்ஜின் போட்டால் தப்பிக்கலாம் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

தப்பிக்கும் வழி வயதுதான். 40 ஆண்டு முடிந்து, 'ஹிஸ்டாரிக்' வரி வகுப்புக்கு மாற்றிய வண்டிக்கு யூலெஸ் விலக்கு உண்டு. 1985க்கு முன் தயாரான வேன்களுக்கு 2025 ஏப்ரலில் அந்தத் தகுதி வந்தது. இப்படி ஆண்டுக்கொரு ஆண்டாக நகரும். 1990இல் தயாரான வேன் 2031 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொத்த எடை 2.5 டன்னைத் தாண்டிய டீசல் கேம்பர்களுக்கு லண்டனில் லெஸ் என்ற தனி மண்டல விதியும் உண்டு. டி25 கேம்பர்கள் சரியாக இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கின்றன. எடைத் தகட்டில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆண்டு வரியைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான வண்டிகளுக்கு 1,549 சிசிதான் கோடு. 1.9, 2.2, 2.5 எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலேதான், ஆகவே இன்ஜின் மாறினாலும் வரி மாறாது.

5. பணக் கணக்கு

சுபாரு மாற்றத்தில் இன்ஜின் விலை மொத்தச் செலவில் கால் பங்கு கூட வராது. சில நூறு பவுண்டுக்கு இன்ஜின் கிடைக்கும். மேலே சொன்ன பாகங்களும் கூலியும் சேர்ந்து பல ஆயிரத்துக்குப் போய்விடும். பட்டறை விலை கேட்கும்போது இவற்றைத் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்: இன்ஜின், அடாப்டர், பிளைவீல், சம்ப், பிக்கப், வயரிங், எக்ஸாஸ்ட், கூலிங் குழாய், எரிபொருள் பம்ப்பும் குழாயும், கிளட்ச், கூலி மணி நேரம். எந்த வரி விடுபட்டிருக்கிறதோ, அதுதான் பின்னால் கூடுதல் பில்லாக வரும்.

விலை வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள். 20 சதவீதம் என்பது இந்தத் தொகையில் சின்னக் காசில்லை.

ரீகண்டிஷன் இன்ஜின் பெரும்பாலும் 'எக்ஸ்சேஞ்ச்' விலையில்தான் சொல்லப்படும். பழையதைத் திருப்பித் தந்தால்தான் முன்பணம் திரும்பும். பழைய கிராங்க் கேஸ் உடைந்திருந்தால் அதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அந்த முன்பணத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தின் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். ரேடியேட்டர் சுத்தம் செய்த ரசீது, முதல் ஆயில் மாற்றிய ரசீது இரண்டும் இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும்.

6. இன்ஜினை வாங்கும் நாள்

முடிந்தால் ஓடும் நிலையில் உள்ள முழுக் காராக வாங்குங்கள். ஓட்டிப் பார்க்கலாம், கம்ப்ரஷன் பார்க்கலாம், வயரிங், கம்ப்யூட்டர், சாவி, சென்சார் எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வரும். தரையில் கிடக்கும் இன்ஜினை வாங்கினால் இவை ஒவ்வொன்றையும் தேடி அலைய வேண்டும்.

- பெட்ரோல் கம்ப்ரஷன்: நான்கும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.
- ஏஏஇசட்: 26 பார் கடைசி எல்லை, வித்தியாசம் 5க்குள்.
- டிடிஐ: 19 பார் கடைசி எல்லை, வித்தியாசம் 5க்குள்.

கார் இரவு முழுக்க நின்று, ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

இப்போது இன்ஜின் எண். பிளாக்கில் பொறித்திருக்கும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, எழுத்துகள் மேல் சாக்பீஸைக் குறுக்கே தடவுங்கள். குழிகள் கருப்பாகவும் மேல்பரப்பு வெள்ளையாகவும் தெளிந்து நிற்கும். அருகில் ஒரு படம், இன்ஜின் முழுதும் தெரியத் தள்ளி நின்று ஒரு படம். வேனுக்குள் ஏறிய பிறகு இந்த எண் பாதி மறைந்துவிடும். இன்ஸ்பெக்ஷன் கண்ணாடி பிடித்துத் தலைகீழாகப் படிக்க நேரும்.

ரசீதில் இருக்க வேண்டியவை: விற்பவர் பெயர் முகவரி, தேதி, தொகை, இன்ஜின் எண், சிசி, எரிபொருள் வகை, எந்தப் பதிவெண் காரிலிருந்து எடுத்தது. 'சுபாரு இன்ஜின், ரொக்கம்' என்று ஒரு வரி எழுதிய காகிதம் பின்னால் எதற்கும் உதவாது.

7. காப்பீட்டுக்காரரிடம் பேசுங்கள், இன்ஜின் இறங்குமுன்

அதே வகை இன்ஜின் என்றால் சுருக்கமாக முடியும். வேறு இன்ஜின் என்றால் அது மாற்றியமைப்பு. சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் பாலிசியே கேள்விக்குறியாகும். இன்ஜின் பெயர், சிசி, குதிரைத்திறன், யார் மாட்டுகிறார் என்ற நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 'அக்ரீட் வேல்யூ' (வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட) பாலிசி வைத்திருந்தால் மதிப்பை மறுபடி நிர்ணயிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்ஜினில் போட்ட பணம் மதிப்பில் ஏறாது.

8. இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்ய வேண்டியவை

டி25 இன்ஜின் கீழ்வழியாக இறங்கும். அது வெளியே இருக்கும் அந்த நாட்களில் கைக்கு எட்டும் எதையும் பிறகு எட்டுவது கடினம்.

எரிபொருள் குழாய்களில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருப்பவற்றையும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோல் என்பது இ10, பத்து சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் இதில் உள்ளிருந்தே வெடித்து ஒழுகும். ஒழுகுவது சூடான இன்ஜினுக்கு மேல். இந்த வேன்கள் பின்பக்கம் தீப்பிடித்து எரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். படுக்கையில் பிள்ளைகள் தூங்கும் வண்டி இது. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய், பூச்சு உரிக்காத கிளிப், மீட்டருக்குச் சில பவுண்டுதான் செலவு. கார்புரேட்டர் வேனில் சுபாரு போடுபவர்கள் உயர் அழுத்தப் பம்ப்பையும் டேங்குக்குத் திரும்பும் குழாயையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அடுத்து கூலிங். கூலண்ட் இன்ஜினிலிருந்து வண்டியின் மூக்கு வரை போய்த் திரும்புகிறது. மொத்தம் 17 லிட்டரை ஒட்டி. அடியில் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களின் முனையில் உள்ள இரும்பு வளையம் துருப்பிடித்து வீங்கி, குழாய் கழன்றுவிடும். துருவேறாத எஃகுக் குழாய் போட்டால் அந்தக் கவலை தீரும். பழைய பாதி அடைத்த ரேடியேட்டரோடு 136 குதிரைத்திறனை இணைப்பது புது இன்ஜினைக் கொல்லும் வழி.

கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன் சீல், பைலட் பேரிங்: பழையது நன்றாக இருக்கிறதே என்று எதையும் விடாதீர்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்பும் அப்படித்தான்.

9. முதல் ஸ்டார்ட்

பிளக்கைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள். பிறகு கூலண்ட். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டர் மேலுள்ள காற்று ஸ்க்ரூவைத் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து நிரப்புங்கள். ஸ்க்ரூ வழியே முதலில் காற்றுச் சீறும், பிறகு துப்பித் துப்பி வரும், கடைசியில் குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வழியும். அதுவரை மூடாதீர்கள். காற்று தங்கினால் டாஷ்போர்டு ஊசி நடுவில் நிற்கும், ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பத்து மைல். ரேடியேட்டர் விசிறி தானாக ஓடியதா, ஹீட்டரில் சூடு வந்ததா, நிறுத்திய பின் அடியில் துளி விழுகிறதா என்று பாருங்கள். ரீகண்டிஷன் இன்ஜினுக்கு 500 மைலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

காலம்: வாசர்பாக்சருக்கு வாசர்பாக்சர் ஒரு வாரயிறுதி. சுபாருவை வீட்டு முற்றத்தில் நீங்களே செய்தால் வாரயிறுதி வேலையாக இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கே விட்டாலும் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் கொடுக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் கொடுங்கள்.

10. எம்ஓடி

எம்ஓடி என்பது பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை. கேம்பருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்ட். புதிய இன்ஜின் போட்டாலும் புகை அளவு வேனின் வயதுப்படிதான் பார்க்கப்படும். 1986 ஆகஸ்டுக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் வேனுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், அதன்பின் 1992 ஜூலை வரை 3.5. இரண்டுக்கும் ஹைட்ரோகார்பன் 1,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,200 பங்கு). வேனை விடப் பழைய இன்ஜின் போட்டிருந்தால், அதன் வயதுக்கான சான்றைக் காட்டினால் இன்ஜினின் வயதுப்படி பார்ப்பார்கள்.

டீசலுக்குச் சோதனையில் இன்ஜினை உச்சச் சுற்றுக்கு ஏற்றுவார்கள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் சோதனையே செய்ய மறுக்கலாம்.

40 ஆண்டு கடந்த வேனுக்கு எம்ஓடி விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் அது பெரிய மாற்றமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். நான்கு சிலிண்டருக்கு நான்கு சிலிண்டர் என்ற வரையில் சுபாருவின் நிலை மேல். ஆனாலும் அது வேறு நிறுவனத்து இன்ஜின் என்பதால், சந்தேகம் இருந்தால் விலக்கை எடுக்காமல் ஆண்டுதோறும் சோதனைக்கே விட்டுவிடுங்கள். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இன்னொரு கண் பார்ப்பது நல்லதுதானே.

11. டிவிஎல்ஏவுக்குச் சொல்வது

டிவிஎல்ஏ என்பது பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம். இதற்குக் கட்டணம் இல்லை. வி5சி பதிவுப் புத்தகத்தில் மூன்று இடம் மாறும்: பி.1 சிசி, பி.3 எரிபொருள், பி.5 இன்ஜின் எண். முகப்பில் பலவண்ண எண் கட்டங்கள் உள்ள புதிய புத்தகம் என்றால் பகுதி 1ஐயும், பழைய நீலப் புத்தகம் என்றால் பகுதி 7ஐயும் நிரப்புங்கள். இன்ஜின் ரசீதையோ, பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிய உறுதிக் கடிதத்தையோ சேர்த்து, டிவிஎல்ஏ, ஸ்வான்சீ, எஸ்ஏ99 1பிஏ என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். புத்தகம் திரும்பிவரும்வரை வண்டியை விற்பது சிக்கல். ஐரோப்பாவுக்கு ஓட்டிப்போகவும் அந்தப் புத்தகம் கையில் வேண்டும். பயணத் தேதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்ஜின் ஏறுவதற்காக உடற்கூட்டின் இரும்பை எங்காவது வெட்டியிருந்தால் அது தனிக் கதை. இன்ஜின் மூடியை உயர்த்துவது வேறு, தாங்கு சட்டத்தை வெட்டுவது வேறு. இரண்டாவதை எந்தப் பட்டறை சொன்னாலும் செய்யவிடாதீர்கள்.

புதிய வி5சி வந்ததும் உறையோடு அலமாரியில் வைத்துவிடாமல், பி.5இல் அச்சாகியுள்ளதைச் சாக்பீஸ் தடவி எடுத்த படத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும், எட்டும் பி எழுத்தும் இடம் மாறுவது சகஜம். ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் திருத்தம் கேட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.